வ.உ.சி.யின் கப்பல் கணக்கு

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்னும் இரு பட்டங்களுக்குள் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்வை நாம் அடக்கிவிட்டோம். ஒன்று அவருடைய துணிவைப் போற்றுகிறது; மற்றொன்று அவர் பட்ட துயரை நினைவூட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. மக்கள் ஆதரவும் முதலும் கப்பல்களும் இருந்தும், ஐந்தே ஆண்டுகளில் அந்த நிறுவனம் ஏன் கலைக்கப்பட்டது?

ஆங்கிலேயரின் அடக்குமுறை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அது பொய்யன்று, ஆனால், முழு விடையும் அன்று. பல நாடுகளில் கிளைபரப்பிய ஒரு பெருநிறுவனமும் அதற்குத் துணைநின்ற ஓர் அரசும் சேர்ந்து ஓர் உள்ளூர் நிறுவனத்தை எப்படி வீழ்த்த முடியும் என்பதற்கு, தாமிரவருணிப் பள்ளத்தாக்கு கண்ட முதற்பெரும் பாடம் அது. அந்தப் பாடத்தில் கப்பல் கொதிகலனின் வெப்பமும் இருக்கிறது. அரசாங்கத்தின் வரிச் சட்டமும் இருக்கிறது.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் வ.உ.சி. தந்தை வழக்குரைஞர். மகனும் திருச்சியில் சட்டம் பயின்று, தேர்வெழுதி வழக்குரைஞரானார். ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கியவர் 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். எளியவர்களுக்காக வாதாடி அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொண்டவர் என்ற பெயர் அவருக்கு அப்போதே உண்டு.

அவர் குடியேறிய தூத்துக்குடி, கொழும்பை நோக்கிய வாயிலாக இருந்தது. தாமிரவருணி கடலில் கலக்கும் பகுதியில் ஒருகாலத்தில் கொற்கை வகித்த இடத்தைப் பிற்காலத்தில் அது வகித்தது. கரிசல் நிலத்துப் பருத்தியும், இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரும், அவர்களுக்கான அரிசியும் இங்கிருந்தே கடல் கடந்தன. கடற்கரை ஆழமற்றது என்பதால் பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. தோணி நம்மவருடையது, கப்பல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது.

அந்த நிறுவனத்தின் வரலாறு கவனிக்கத் தக்கது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மக்கின்னன் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கியதே அதன் பிறப்பு. அதை வளர்த்தெடுத்தது வாணிகத் திறமை மட்டுமன்று. அஞ்சல் பைகளைச் சுமப்பதற்கு அரசாங்கம் தந்த உதவித்தொகையும்தான். பர்மா, பாரசீக வளைகுடா, கிழக்கு ஆப்பிரிக்கா என அதன் தடங்கள் விரிந்தன. தூத்துக்குடி - கொழும்புத் தடம் அந்தப் பெருவலையின் ஒரு சிறு கண்ணி மட்டுமே.

அதன் தூத்துக்குடி முகவர்கள் ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார். அவர்களும் ஸ்காட்லாந்தினரே. பாபநாசத்தில் பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரவருணியின் நீர்விசையை நம்பி 1880களில் நூற்பாலை தொடங்கியவர்கள் அவர்கள்; தூத்துக்குடியில் கோரல் மில்லையும் நிறுவினர். ஆக, ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் ஆலை, கடற்கரையில் மற்றோர் ஆலை, கடலில் கப்பல் முகவாண்மை என்று பள்ளத்தாக்கின் இரு முனைகளிலும் ஒரே கை இருந்தது.

வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் நாடெங்கும் அந்நியத் துணியைத் துறக்கச் சொன்னது. வ.உ.சி. ஒருபடி மேலே சென்றார். துணியைத் துறப்பது நுகர்வோரின் செயல். கப்பல் விடுவது உற்பத்தியாளரின் செயல். சரக்கை யார் செய்கிறார் என்பதைப் போலவே, அதை யார் ஏற்றிச் செல்கிறார் என்பதும் ஒரு நாட்டின் செல்வத்தைத் தீர்மானிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. பங்கு ஒன்றுக்கு ரூ.25 வீதம் 40,000 பங்குகள். மொத்த மூலதனம் ரூ.10 லட்சம். ஆசிய மக்களுக்கே பங்கு என்பது விதி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு ரூ.2 லட்சம் அளித்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகராக விளங்கினார். சாதி, சமய வேறுபாடின்றி வணிகரும் நிலக்கிழாரும் படித்தவரும் ஒரே பங்கேட்டில் இடம்பெற்றது அந்நாளில் சிறிய செய்தியன்று.

தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தந்த நெருக்கடியால் அந்நிறுவனம் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வ.உ.சி. சோர்ந்துவிடவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்தித் தடம் அறுபடாமல் காத்தார். பிறகு, சொந்தக் கப்பலின்றித் தூத்துக்குடி திரும்புவதில்லை என்ற உறுதியுடன் வடக்கே சென்றார். வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருந்த நேரம் அது. 1907ஆம் ஆண்டில் கலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாயின.

இங்கேதான் வெப்பத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். அக்காலக் கப்பலின் உலையில் எரியும் நிலக்கரியின் வெப்பம், இரும்புக் குழாய்களின் சுவர் வழியே கடந்து தண்ணீரை நீராவியாக்கும். அந்த நீராவி உருளைகளில் விரிந்து தண்டுகளைத் தள்ளும். கரியில் உள்ள வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கப்பலைச் செலுத்தும் விசையாக மாறியது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் கடல்நீர் வழியாகவும் வீணாகும். குழாய்களில் உப்புப் படிந்தால் வெப்பம் கடப்பது குறையும். அதே வேகத்துக்கு இன்னும் அதிகக் கரி வேண்டும். எனவே, துப்புரவுக்கும் பழுதுபார்ப்பிற்கும் கப்பலை அவ்வப்போது நிறுத்தியாக வேண்டும்.

இந்தப் பொறியியல் உண்மைக்குள் ஒரு பொருளாதார உண்மை ஒளிந்திருக்கிறது. ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் கப்பல் எரிக்கும் கரி ஏறத்தாழ ஒன்றே. மாலுமிகளின் சம்பளமும் துறைமுகக் கட்டணமும் முதலுக்கான வட்டியும் அப்படியே. கூடுதலாக ஒரு பயணி ஏறுவதால் ஆகும் செலவு மிகச் சொற்பம். இத்தகைய தொழிலில் இழப்பைத் தாங்கும் வலிமை உள்ளவர் கட்டணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம்; முதலில் மூச்சு முட்டுபவர் வெளியேறியாக வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அதைத்தான் செய்தது. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அடுத்து ஆங்கிலக் கம்பெனி இலவசப் பயணத்தையே அறிவித்து, பயணிகளுக்குக் குடையும் தர முன்வந்தது. அப்போதும் பெருந்திரளான மக்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினர். குடைக்கு மயங்காத அந்த மக்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை, எனினும், வ.உ.சி.யின் வரலாற்றில் அவர்களும் பங்குதாரர்களே.

ஆனால், கணக்கு கணக்குதான். ஒரு தடத்தில் இலவசமாக ஆளேற்றும் நிறுவனம், அந்த இழப்பை ஏனைய தடங்களின் இலாபத்தைக் கொண்டு ஈடுகட்டிவிடும். ஒரே தடத்தை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை. பன்னாட்டு நிறுவனத்தின் பலம் அதன் இயந்திரத்தில் மட்டும் இல்லை. இலாபத்தையும் இழப்பையும் எல்லை தாண்டி நகர்த்திக்கொள்ளும் ஆற்றலில் இருக்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். இலாபத்துக்கு அந்த இயற்கை விதி இல்லை. கணக்கேட்டில் அதை எத்திசையிலும் பாய்ச்சலாம்.

அரசின் வரிக்கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? 1886ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே பதிவுபெற்று, வெளியே தலைமையிடம் கொண்டு, இந்தியக் கடல் எல்லைக்கு அப்பால் கப்பல் ஓட்டும் நிறுவனங்களின் இலாபத்துக்கு விலக்கு அளித்தது. தூத்துக்குடியில் பதிவுபெற்ற ஒரு நிறுவனம், கொழும்புக்கே கப்பல் ஓட்டினாலும், அந்த விலக்கை ஒருபோதும் கோர முடியாது. வரியின் அளவு அப்போது சிறிது. அந்த விதியின் உள்ளக்கிடக்கை சிறியதன்று. அஞ்சல் உதவித்தொகை ஒருபுறம், இத்தகைய சட்டம் மறுபுறம் என, போட்டி தொடங்கும் முன்பே களம் சமமற்றதாக இருந்தது.

வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸுக்குச் சென்று திரும்பியவர், சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் மக்களிடையே பேசினார். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இன்மை ஆகியவை அவர்களது குறைகள். வ.உ.சி. அவர்களுக்குத் தலைமை தாங்கினார். நகர மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர். ஏறத்தாழ ஒன்பது நாள்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது. கப்பலில் எதிர்நின்ற அதே ஹார்வி நிறுவனத்தை ஆலையிலும் பணிய வைத்தார் அவர்.

அதற்கு மேல் அரசு பொறுக்கவில்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட, மார்ச் 9ஆம் நாள் திருநெல்வேலியில் தாமிரவருணிக் கரையில் தடையை மீறிக் கூட்டம் நடந்தது. மார்ச் 12ஆம் நாள், ஆட்சியர் விஞ்ச்சைக் காணச் சென்ற வ.உ.சி.யும் சிவாவும் பத்மநாப ஐயங்காரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர்.

பின்னர் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படை நிறுத்தப்பட்டது. அதற்கான செலவை அவ்வூர் மக்களிடமே வரியாக வசூலித்தது அரசு. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தின் இலாபத்துக்கு விலக்கு, உள்ளூர்க் குடிமக்களுக்குத் தண்ட வரி. வரி என்பது வருவாய்க் கருவி மட்டுமன்று, அதிகாரத்தின் முகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1908 ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலி கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் என இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அடுத்தடுத்து நாற்பது ஆண்டுகள்! அச்செய்தியைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் பின்னர் தெளியவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் கடும் உழைப்பு. கோவைச் சிறையில் அவர் மாட்டைப் போல இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

அவர் இல்லாத நிறுவனம் நிலைகுலைந்தது. பங்குதாரர்களுக்கு அச்சம், இயக்குநர்களுக்குத் தயக்கம். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பலை எதிரி நிறுவனத்துக்கே விற்றுவிட்டனர் என்ற செய்தி, சிறையின் துயரைக் காட்டிலும் அவரை வருத்தியது. அதே ஆண்டு ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் மாய்ந்தார். அந்தத் துப்பாக்கியால் நிறுவனத்தை மீட்க முடியவில்லை.

1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலையானபோது வ.உ.சி.யை வரவேற்கக் கூட்டம் ஏதும் இல்லை. வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையிலும் கோவையிலும் வறுமையோடு வாழ்ந்தார்; சிறு வணிகம் செய்தார். பின்னாளில் நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தவர், ஓர் ஆங்கிலேயரின் நேர்மையை மறக்கவில்லை.

அவர் தமிழறிஞரும் ஆவார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்த்தார். மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை இயற்றினார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பிப்பதில் உழைத்தார். கோவில்பட்டியில் தொழில் நடத்தி, 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18ஆம் நாள் அங்குள்ள காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் நீத்தார். ரூ.10 லட்சம் மூலதனத்தில் நிறுவனம் தொடங்கியவர், மறைந்தபோது கடனாளியாக இருந்தார்.

அவர் செய்ததெல்லாம் சரியென்று கூற வேண்டியதில்லை. நிறுவனத்தின் தூணாகவும் அரசியலின் முன்னணியிலும் ஒரே மனிதர் நின்றது வாணிக நோக்கில் பேரிடரே. அவர் சிறைப்பட்டதும் இரண்டும் ஒன்றாகச் சரிந்தன. கட்டணப் போர் நீடித்தால் தாக்குப்பிடிக்கத் தேவையான கையிருப்பும் இல்லை. ஆனால், அரசியலிலிருந்து விலகி நின்றிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 1919இல் கப்பல் விடத் தொடங்கிய சிந்தியா நிறுவனத்திடம் வ.உ.சி.யை விடப் பெருமுதல் இருந்தது. அதுவும் 1923இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடன் தன் வளர்ச்சிக்கு வரம்பிடும் உடன்பாட்டில் கையெழுத்திட நேர்ந்தது. கரையோரக் கப்பல் வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது விடுதலைக்குப் பின்னர்தான். சந்தையில் தோற்றதை அரசின் கொள்கைதான் மீட்டது.

இது பழங்கதை அன்று. பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 விழுக்காடு வரி என்று 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த ஏற்பாட்டிலும் பன்னாட்டுக் கடல்வழிக் கப்பல் வருமானத்துக்கு விலக்கு உண்டு. கப்பல் இலாபத்தைச் சரக்கு ஏறும் துறைமுக நாடு அல்ல, நிறுவனத்தின் இருப்பிட நாடே வரிக்குட்படுத்த வேண்டும் என்பது இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களின் பொது மரபு. இணைய விளம்பர வருவாய் மீது இந்தியா 2016இல் விதித்த 6 விழுக்காடு சமன்பாட்டு வரியும் 2025 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டுவிட்டது. தொழில் நடப்பது ஓரிடம், இலாபம் காட்டப்படுவது வேறோர் இடம் என்ற சிக்கல் வ.உ.சி. காலத்திலிருந்து இன்றுவரை தீரவில்லை.

இவ்விலக்குகளுக்குக் காரணங்களே இல்லை என்று கூற மாட்டேன். ஒரே பயணத்தின் இலாபத்தைப் பத்துத் துறைமுகங்கள் பங்கிட முனைந்தால் வாணிகம் முடங்கும் என்பது நியாயமான வாதம். ஆனால், விலக்கின் பயன் எல்லாருக்கும் சமமாகச் சேர்கிறதா, சிறு நாடுகளின் சிறு நிறுவனங்களுக்கு அது எட்டுகிறதா என்று கேட்கும் கடமை ஆய்வாளர்களுக்கு உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு, துறைமுகமும் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரிகளும் உள்ள நம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறென்ன?

நம் கல்லூரிகளில் வெப்பக் கடத்தலை ஒரு கட்டடத்தில் கற்பிக்கிறோம். நிறுவன வரியை வேறொரு கட்டடத்தில் கற்பிக்கிறோம். இரண்டு வகுப்பு மாணவர்களும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. வ.உ.சி.யின் கப்பல் இவ்விரண்டையும் ஒரே தளத்தில் ஏற்றிச் சென்றது. கொதிகலனின் திறனை மட்டும் அறிந்தவர் அது ஏன் ஓடியது என்று கூறுவார். அது ஏன் நின்றது என்பதைக் கூற வரிச் சட்டமும் வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு வந்து செல்லும் கப்பல்களில் எத்தனை நம்முடையவை, அவை ஈட்டும் இலாபம் எங்கே கணக்கில் ஏறுகிறது என்று ஆராய்ந்து எழுதும் இளைஞர்கள் இப்பள்ளத்தாக்கிலிருந்து உருவாக வேண்டும். ஆண்டுதோறும் அவர் சிலைக்கு மாலை அணிவிப்பதோடு, அவர் முடிக்காமல் விட்ட கணக்கையும் நாம் எடுத்துப் பார்ப்பதே அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.